இங்கே எலிக்காரன் பேசுவான்

என் நாடகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தவர் இந்த உலகத்தில் யாரும் கிடையாது. நானும் படித்ததில்லை. படிக்க வேண்டுமென்றால் அது ஒரே இடத்தில் இருக்க வேண்டும் அல்லவா? ஆளுக்கொரு காகிதமாக, பேராவூரணிப் பக்கத்திலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும், பெட்டிகளிலும் பரண்களிலும் துண்டு துண்டாகக் கிடந்தது. அப்படிக் கிடக்கட்டும் என்று விட்டவன் நான்தான். அதை மறதி என்று நினைத்துவிடாதீர்கள். மூளை.

என் மூளையைப் பற்றி நானே சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்வதாகக் காணோம், என்ன செய்ய? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவர் தோப்பில் மட்டை பொறுக்கி, களத்தில் கொப்பரை கிளறி, லாரியில் மூட்டை ஏற்றி, கடைசியில் அந்த லாரியையே வாங்கியவன். இன்றைக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது, கயிறு ஆலை இருக்கிறது, தஞ்சாவூரில் மகள் குடியிருக்கும் வீடு என் காசில் எழும்பியது. புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்தபோது எங்கள் பக்கத்தில் ஆளாளுக்கு மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் மறுநாளே கன்று வாங்கக் கிளம்பிவிட்டேன். எழுத்துக் கூட்டக் கற்றது சாக்குகளில் மை போட்டு எழுதியிருக்கும் வியாபாரிகளின் பெயர்களைப் பார்த்துத்தான். அதனால் என் கையெழுத்து இன்றைக்கும் சாக்கு எழுத்துப் போலப் பெரிதாக இருக்கும். சிலர் அதைக் கிண்டல் செய்வார்கள். அது பின்னால் வருகிறது.

நாடகம் ஓர் அண்ணன் தம்பி கதை. ஒரே வாய்க்கால், ஒரே மடை. அண்ணன் வயலுக்குத் தண்ணீர் பாயும் நாளில் தம்பி முகம் கொடுக்க மாட்டான். தம்பி வயலுக்குப் பாயும் நாளில் அண்ணன் சாப்பிட மாட்டான். இரண்டு பேருக்கும் நடுவில் அவர்களுடைய அம்மா, மடைக்குப் பக்கத்தில் குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேச்சும் பாட்டும் நான் கட்டியவை. மெட்டும் என் வாயில் பிறந்ததுதான். நாடகத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பார்கள், அதனால் சொல்லவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் போடும் டெல்டா ஊர்களில் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அதை நான் எழுதவில்லை, சொன்னேன். களத்தில் கொப்பரை காயும் மத்தியானங்களில் நடிக்கப் போகிறவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அவரவர் பேச வேண்டியதை மட்டும் நான் சொல்ல, அவரவரே எழுதிக்கொள்வார்கள். அடுத்த ஆள் என்ன பேசுகிறான் என்பது இவனுக்குத் தெரியாது. தன் முறை எப்போது என்று தெரிய வேண்டுமே, அதற்காக முன்னால் பேசுகிறவனின் கடைசி வார்த்தைகளை மட்டும் தலைப்பில் எழுதிக்கொள்ளலாம். இதை 'எடுப்பு' என்போம். இப்படி ஏன் செய்தேன் என்றால், ஒரு நாடகம் நன்றாக இருந்தால் பக்கத்து ஊர்க்காரன் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டு போய், அடுத்த மாதம் அண்ணன் தம்பியை அக்கா தங்கையாக்கித் தன் நாடகம் என்று போட்டுவிடுவான். என்னுடையதை அப்படித் தூக்க முடியாது. ஒரு காகிதத்தைத் திருடினால் அதில் பாதிச் சண்டைதான் இருக்கும்.

இதில் ஒரே ஒரு தடவை குழப்பம் வந்தது. ஒரத்தநாட்டுப் பக்கத்தில் ஓர் ஊரில், தம்பி வேஷம் போட்டவர் காகிதத்தில் இருந்ததை ஒன்று விடாமல் மனப்பாடம் செய்துவிட்டார், எடுப்பையும் சேர்த்து. மேடையில் அண்ணன், "இது நம்ம அப்பன் வெட்டுன வாய்க்கால்டா" என்றால், இவரும் "அப்பன் வெட்டுன வாய்க்கால்டா" என்று சொல்லிவிட்டுத்தான் தன் பதிலுக்கு வருவார். ஒவ்வொரு பேச்சுக்கும் இப்படியே. தம்பி அண்ணனை நக்கல் செய்கிறான் என்று நினைத்துச் சனம் கைதட்டித் தீர்த்துவிட்டது. அடுத்த ஊரிலிருந்து அதை அப்படியே வைத்துக்கொண்டேன். யார் யோசனை என்று கேட்டவர்களிடம் என்னுடையது என்றேன். வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்தவன் நான்தானே.

நாடகம் போட நினைக்கிற ஊர்க்காரர்கள் என் களத்துக்குத் தட்டோடு வர வேண்டும். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு தேங்காய். காசு வைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கு வேண்டியது கேட்டுப் போடுவது. தட்டிலிருக்கும் தேங்காயை எடுத்துக் காதோரம் ஆட்டுவேன், பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். நல்ல முற்றல் காயாக வைத்திருந்தால் அது நாடகம் போடத் தெரிந்த ஊர். தண்ணீர் வற்றின காயை வைத்தவர்களுக்கும் உத்தரவு கொடுத்திருக்கிறேன், ஆனால் பார்க்கப் போனதில்லை.

என் மகள் தஞ்சாவூரில் வக்கீல். நாடகத்தைப் பற்றி என்னிடம் அதிகம் பேசாதவள், ஒரு நாள் போன் செய்தாள்.

"அப்பா, யாரோ உங்க நாடகத்த போன்ல புடிச்சுப் போட்டிருக்காங்க. அதப் பாத்துட்டு மெட்ராஸ்லேருந்து ஒரு நாடகக் குழு என்னைத் தேடிப் புடிச்சுப் பேசுறாங்க. ஊர் ஊரா போடணுமாம். ஒவ்வொரு தடவ போடும்போதும் எழுதினவருக்குப் பங்கு வந்துடும். ராயல்டி."

"போன்லயா கேக்குறாங்க? தட்டு எங்க?"

"அப்பா, இது சட்டப்படி..."

சட்டம் என்னவென்று அவளையே சொல்லச் சொன்னேன். ஒரு நாடகத்தையோ பாட்டையோ மேடையில் போடுவதென்றால், போடும் ஒவ்வொரு தடவையும் உண்டாக்கியவரின் சம்மதம் வேண்டும், அவருக்கு ஒரு பங்கு போக வேண்டும், அவர் காலத்துக்குப் பிறகு அது பிள்ளைகளுக்குப் போகும் என்றாள். நான் கேட்டுக்கொண்டே வந்து சிரித்துவிட்டேன். இதைத்தானே இத்தனை வருஷமாகத் தட்டு வைத்து நான் செய்கிறேன். கவர்மெண்ட் என்னைப் பார்த்துத்தான் சட்டம் போட்டிருக்கிறது என்றேன். அவள், "சரிப்பா, தட்டோட வரச் சொல்றேன்" என்றாள்.

வந்தது குழுவை நடத்துகிற பெண். என் மகளை விடச் சின்னவள், தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தாள். தட்டு கொண்டுவந்திருந்தாள், பாராட்ட வேண்டும். ஆனால் தேங்காயில் குடுமி இல்லை. மொழுமொழுவென்று மழித்து, மேலே கடைச் சீட்டு வேறு ஒட்டியிருந்தது.

"இது என்னம்மா, தேங்காய்க்கு மொட்டை போட்டிருக்கு?"

"கடையில இப்படித்தாங்கய்யா இருந்துச்சு."

"உன் தலைய மாதிரியே இருக்கு. சரி, உள்ள நல்லாருந்தா போதும்." தட்டிப் பார்த்தேன். நல்ல காய். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளாமல் தன் தலையைத் தானே ஒரு தடவை தட்டிக் காட்டினாள். எனக்கு அவளைப் பிடித்துப் போனது அங்கேதான்.

முழு நாடகம் எழுத்தில் வேண்டும் என்றாள். மகளும் அதையே சொன்னாள். "உருவாக்கின அன்னைக்கே உரிமை உங்களுதுதான்பா, யாரும் புடுங்க முடியாது. ஆனா உங்களுது எதுன்னு ஒருத்தன் கேட்டா எடுத்துக் காட்டணும்ல? வாயில இருக்கறத காட்ட முடியாது."

காகிதம் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம், என் தலையில் இருக்கிறது என்று சொல்லி, மகள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் பேச்சு, தம்பி பேச்சு, அம்மா பேச்சு, பாட்டு எல்லாம் நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தைக்குத் தடுமாறினேனா? கிடையாது. மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்ததோடு சரி. பாதி நாடகம் தாண்டி ஓர் இடத்தில் சொன்னேன்: "இங்கே எலிக்காரன் பேசுவான். கால் மணி நேரம்."

அடித்துவிட்டுக் காத்திருந்தாள். "என்னங்கய்யா பேசுவார்?"

"அது அவனத்தான் கேக்கணும்."

இந்த எலிக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயலில் எலிக்குக் கிட்டி, அதாவது மூங்கில் பொறி, வைக்கிறவன் வேஷம் அது. அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டு போன பிறகு, இருட்டின வயலில் ஒருவன் மூங்கில் கிட்டியோடு வந்து உட்கார்ந்து, வராத எலியிடம் ஊர் நியாயம் பேசுவான். எந்த ஊரில் நாடகம் என்றாலும் அந்த வேஷத்தைப் போட்டவன் என் சிநேகிதன். மட்டை பொறுக்கின காலத்திலிருந்து கூட இருந்தவன். அவனுக்கு மட்டும் நான் பேச்சு சொன்னதில்லை. அவன் காகிதத்தில் எடுப்புக்குக் கீழே ஒன்றுமே இருக்காது.

அவன் வேலை செய்கிற விதமே வேறு. நாடகத்தன்று நான் சாயங்காலம்தான் போய் இறங்குவேன். அவன் காலையிலேயே பஸ் ஏறிப் போய் அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவான். யார் வீட்டு ஆடு யார் கொல்லையை மேய்ந்தது, தலைவர் எந்த ரோட்டைப் போட்டதாகச் சொல்லிப் போடாமல் விட்டார், எந்த மாமியார் எந்த மருமகளுக்குப் பயந்து கோயிலில் சாப்பிடுகிறாள், எல்லாம் அவன் காதில் விழுந்துவிடும். ராத்திரி எலியிடம் அதைச் சொல்வான். பேர் சொல்ல மாட்டான், ஆனால் யாரென்று ஊருக்கே தெரியும். யார் வீட்டுக் கதையோ அவரே முதலில் சிரிப்பார். ஓர் ஊரில் பேசினதை இன்னோர் ஊரில் பேசியதில்லை.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "போன்ல நாங்க பாத்தது அந்தக் காட்சிதாங்கய்யா. அத வச்சுத்தான் இந்த நாடகமே வேணும்னு வந்தோம். அது கிடைக்கலன்னா நாங்களா ஒண்ணு எழுதிக்க வேண்டியிருக்கும்."

"எழுதிட்டு யார் பேர போடுவீங்க?"

"நாடகம் உங்களுதுதானே, உங்க பேர்லயே இருக்கட்டும்னு..."

"அடுத்தவன் சிரிப்பு என் பேர்ல வரக் கூடாது." நான் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், அடுப்படியிலிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "தோப்பு குத்தகைக்கு எடுத்தவன் நான். காய் என்னுது, ஆனா மரம் ஏறினவனுக்குக் கூலியா போற காய்ல நான் கை வச்சது கிடையாது. அவன் பேரு இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாடகம் மெட்ராஸ் போவலன்னா போவ வேணாம்."

மகள் மெல்ல, "அவர் ஒத்துக்குவாராப்பா?" என்றாள். கெட்டிக்காரி. அவளுக்கு அவனைத் தெரியும்.

வேளாங்கண்ணியில், கோயிலுக்குப் போகும் வழியில், அவனும் அவன் சம்சாரமும் மெழுகுவத்தியும் மாலையும் விற்கிற கடை வைத்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று பேரும் காரில் போய் இறங்கினோம். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து மெழுகுவத்தியைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சம்சாரத்தைக் கூப்பிட்டான்.

"ஏ இந்தா, முதலாளி வந்திருக்காரு. பெருமை வக்கிறதுக்கு எடம் பண்ணு, அந்த மாலையெல்லாம் எடுத்து உள்ள வை."

"வாங்கண்ணே," என்றது அந்தம்மா. "உங்க வாயி இவரு வாயி ரெண்டும் சேந்தா இன்னிக்கு யாவாரம் ஆனாப்லதான்."

அவனுக்கு விஷயத்தைச் சொன்னேன். பிறகு மகள் சட்டமாகச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கட்டைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னான்.

"வேணாம்."

"ஏண்டா?"

"அது என்னுது இல்ல முதலாளி. அந்தப் பேச்செல்லாம் ஊரு கொடுத்தது. டீக்கடையில கேட்டேன், மேடையில சொன்னேன். நான் என் பேர்ல பதிஞ்சுக்கிட்டா அத்தன ஊர்க்காரனும் வந்து நிப்பான், என் ஆட்டுக் கதைக்கு எனக்குப் பங்கு எங்கன்னு."

"கதை ஊருது. அத சிரிக்கறாப்ல சொன்னது யாரு? தேங்கா மரம் என்னுதுதான், மழை பெஞ்சது வானம்தான். அதுக்காவ ஏறினவன் கூலி வாங்காமயா போறான்?"

"ஏறினேன், அன்னன்னிக்கே காய் வாங்கிட்டேன். சனம் சிரிச்சுதுல்ல, அதான் காய். நேத்து ஏறினதுக்கு இன்னிக்கு வந்து கூலி கேக்குறவன் எவனாவது உண்டா?"

"இனிமே வேற ஒருத்தன் உன் மாதிரி ஏறப் போறான்டா. நீ வெட்டி வச்ச படியில கால வச்சு. அதுக்குத்தான் பங்கு."

"அவன் சொந்தமா ஏறட்டும். எழுதி வச்சதப் பாத்து எலிக்கிட்ட பேசினா எலி வராது."

எலி எப்போது வந்தது என்று நான் கேட்டேன். பேச்சு அப்படியே எங்கள் வழக்கமான சண்டைக்குள் போய்விட்டது. மகள் மட்டும் விடவில்லை. "மாமா, நீங்க சொல்லாம விட்டா அவங்க ஏதோ ஒண்ணு எழுதிப்பாங்க. அப்புறம் அதுதான் எலிக்காரர் பேச்சுன்னு ஆயிடும். நீங்க பேசினதுன்னு ஒண்ணு இருந்ததே யாருக்கும் தெரியாது. அப்பா அதுக்குத்தான் கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு."

அவன் என்னைப் பார்த்தான். "போட மாட்டியா?"

"மாட்டேன்."

"உனக்கு மெட்ராஸ்ல மேடை ஏறணும்னு எவ்ளோ ஆசைன்னு எனக்குத் தெரியாதா?"

"ஏறினா ரெண்டு பேரும். இல்லன்னா கொப்பரை கிண்டிக்கிட்டு இருக்கேன்."

அவன் மெழுகுவத்தியை எடுத்தான், திரும்ப வைத்தான். நாடகமும் அவன் பேரும் அங்கேயே அந்த ஸ்டூல் மேல் முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. அப்போது, அதுவரை வாயே திறக்காத அந்தக் குழுப் பெண் கேட்டாள்:

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு இந்த எடத்துல நாடகம்னு வச்சுக்குங்க. எங்க நாலு பேரத் தவிர வேற ஊரே இல்ல. அப்ப எலிக்கிட்ட யாரப் பத்திப் பேசுவீங்க?"

அவன் கண் மெதுவாக என் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எத்தனையோ ஊர் டீக்கடைகளில் பார்த்திருக்கிறேன், மற்றவர் மேல்.

"பேசுங்கய்யா. நான் போன்ல பதிவு பண்ணிக்கலாமா?"

"கேட்டுட்டியா," என்றான் அவன். "கேட்டா தட்டு வேணும். நம்ம நாடகத்துல கேக்குற மொறை அதான். முதலாளிக்கு மட்டும்தான் தட்டா?"

கோயில் கடைத் தெருவில் தட்டுக்கா பஞ்சம்? அந்தம்மா உள்ளேயிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்து வந்தது. பக்கத்துக் கடையில் பழமும் வெற்றிலையும் வாங்கினோம். நேர்த்திக்கு வைக்கிற தேங்காயும் அங்கேயே இருந்தது. எல்லாம் வைத்து அந்தப் பெண் எடுத்துக்கொண்டு வந்தபோது அவன் தலையை ஆட்டினான்.

"நீ வேணாம்மா. நாடகம் யாருதோ அவரு வைக்கணும்."

நான் தட்டு வாங்கின ஊர்களைச் சேர்த்தால் தனியாக ஒரு தாலுகாவே ஆகும். நீட்டினது அன்றைக்குத்தான் முதல் தடவை. எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் ஒரு பக்கம் சாய்ந்து, பாக்கு உருண்டுவிட்டது. அவன் அவசரப்படவில்லை. தேங்காயைக் கையில் எடுத்தான். காதோரம் ஆட்டினான். விரல் முட்டியால் தட்டினான். நான் எப்படிச் செய்வேனோ அப்படியே, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு.

"முத்தல்தான்," என்றான். "உத்தரவு."

மகள் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அவன் ஸ்டூலை விட்டுத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மாலை கட்டுகிற மூங்கில் சிம்பு ஒன்றை வளைத்துக் கிட்டியாக்கிக்கொண்டான். குரல் மாறிவிட்டது.

"வாம்மா எலி, உக்காரு. பொரி சாப்புடு, அப்புறமா மாட்டிக்கலாம், அவசரமில்ல. இந்த ஊர்ல ஒரு முதலாளி இருக்காரு. எதையும் தட்டிப் பாத்துதான் வாங்குவாரு. பொண்ணு பாக்கப் போன எடத்துல தாம்பாளத்துத் தேங்காயத் தட்டிப் பாத்துட்டு, 'காய் நல்ல முத்தல், பொண்ணு புடிச்சிருக்கு'ன்னு எழுந்துட்டாரு. பொண்ணு இன்னும் அடுப்படிய விட்டே வரல. பெரியாஸ்பத்திரியில டாக்டரு இவரு நெஞ்சத் தட்டிப் பாத்தாரு. இவரு கேக்குறாரு, 'என்ன டாக்டர், தண்ணி வத்திப் போச்சா?'"

"கையெழுத்துப் போடுவாரு பாரு, பேங்க்ல ரயில்வே கேட்டு மாதிரி ரெண்டு பக்கமும் ஆளு நிப்பாங்க. மொத எழுத்து இந்தப் பேப்பர்ல இருக்கும், கடைசி எழுத்து பக்கத்து ஆளு பேப்பர்ல போய் முடியும். ஊர்ல பாதிப் பேரு கடனுக்கு இவருதான் ஜாமீனு, அவருக்கே தெரியாது."

"புயல்ல மரமெல்லாம் ஏன் சாஞ்சுதுன்னு நெனைக்கிற? காத்துக்கா? போ புள்ள. இவரு பெருமைய நின்னுக்கிட்டே எவ்ளோ வருசம் கேக்கும்? முடியல, படுத்துடுச்சு."

நானும்தான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தோற்றதாகிவிடும். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. வழியில் போனவர்கள் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். அவன் எலியிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாத. மரம் சாஞ்ச மறுநாளே கன்னு வாங்கப் போனேன்னு ஊர் பூரா சொல்றாரே, கன்னு விக்கிற கடை வேளாங்கண்ணியிலயா இருக்கு? ரோட்ட அடச்சுக் கெடந்த மரத்தையெல்லாம் தாண்டி எப்பிடியோ வந்து என் கடை வாசல்ல உக்காந்தாரு. பொழுது சாயற வரைக்கும் மெழுகுவத்திய எண்ணிக்கிட்டிருந்தாரு. நான் ஒண்ணும் கேக்கல. அவரும் ஒண்ணும் சொல்லல. டீ வாங்கிக் கொடுத்தேன், குடிச்சாரு. போறப்ப சொல்றாரு, 'ஒரு கட்டுல ஒண்ணு கொறையுதுடா, பாத்துக் கட்டு'ன்னு."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் போனைப் பிடித்தபடியே இருந்தாள். மகள் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் தெருவைப் பார்த்தேன். அது அவன் சேர்த்துச் சொன்னது. மேடைக்கு ஏற்றமாதிரி நாலு வார்த்தை கூட்டிச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு.

நாடகம் இப்போது முழுதாக ஒரே இடத்தில் இருக்கிறது. மகள் எல்லாவற்றையும் சரியாக எழுதினாள். எலிக்காரன் காட்சிக்கு அவன் பெயர், மற்றதற்கும் பாட்டுக்கும் என் பெயர். அவன் ஒரு நிபந்தனை போட்டான், அதுவும் எழுத்தில் இருக்கிறது: எந்த ஊரில் போட்டாலும் எலிக்காரன் வேஷக்காரர் அன்றைக்குக் காலையில் அந்த ஊர் டீக்கடையில் உட்கார வேண்டும். ஊர்க் கதை முதலில். பிறகுதான் முதலாளி கதை. அவனுக்கு வரும் பங்கு அவனுக்குப் பின் அவன் பிள்ளைகளுக்குப் போகும் என்று மகள் படித்துக் காட்டியபோது, "சிரிப்பும் போவுமாம்மா?" என்றான். கையெழுத்தை நான்தான் முதலில் போட்டேன். இடம் போதுமா என்று கேட்டுவிட்டு, அவன் கீழே ஒரு மூலையில் போட்டான்.

முதல் ஆட்டத்தைத் தஞ்சாவூரிலேயே வைத்தார்கள், ஒரு சாயங்காலம். முன்வரிசையில் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் பட்டு வேட்டி, அவன் மகன் வாங்கிக் கொடுத்த புதுச் சட்டை, மடிப்புக் கூடக் கலையவில்லை. அண்ணனும் தம்பியும் பிரமாதம். எடுப்பைத் திருப்பிச் சொல்கிற இடத்தில் கூட்டம் ஆடிப்போனது. அது என் யோசனை என்று இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னேன்.

எலிக்காரனாக வந்த பையன் கெட்டிக்காரன். காலையில் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். ரவுண்டானாவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிற ஸ்கூட்டிக்காரம்மா கதையில் ஆரம்பித்து, முதலாளிக்கு வந்தான். பெண் பார்த்தது, டாக்டர், கையெழுத்து, மரம் படுத்தது. எத்தனை பேர் சிரித்தார்கள் என்கிறீர்கள். இந்த டெல்டாவில் வேறு எந்த மனுஷனைப் பார்த்து இத்தனை பேர் காசு கொடுத்து வந்து சிரித்திருக்கிறார்கள்? பையன் கிட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். விளக்கு அணைந்தது.

என் சிநேகிதன் முழங்கையால் இடித்தான். "கடைசி எடத்த விட்டுட்டான்."

"ஆமா."

"சிரிப்பு வராதுன்னு விட்டிருக்கான். எழுதினா எழுதினபடி போடணுமா இல்லியா? உன் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

அது தன்னுடையதே இல்லை, பதிய வேண்டாம் என்று சொன்னவன் பேசுகிறான் பாருங்கள்.

"நீ போய்க் கேளு," என்றேன்.

"நான் கேட்டா மொறை இல்ல. அது உன்னப் பத்தினது. நீ கேளு முதலாளி."

நாடகம் முடிந்து சால்வை போட்டார்கள். நான் சால்வையோடு நேரே மேடைக்குப் பின்னால் போனேன். அந்தப் பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

"தம்பி, மெழுகுவத்திக் கட்டு விட்டுப் போச்சு."

"இல்லங்கய்யா... நீங்க முன்னாடி உக்காந்திருந்தீங்க. உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு..."

"நாளைலேருந்து வரணும்."

"சரிங்கய்யா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது நெசமாவே நடந்ததாங்கய்யா?" என்றான்.

"அத கேக்க உனக்கு உரிமை இல்ல," என்றேன். "விடவும் உரிமை இல்ல. எழுதினவன் வெளிய நிக்கிறான், அவனுக்கு ஒரு டீ சொல்லு."